தவணை குறைந்தாலும் நீங்கள் குறைக்காதீர்கள்

வீட்டையோ கடைக் கட்டடத்தையோ வங்கிக்கு ஈடு வைத்துக் கடன் எடுத்த நமது வியாபாரிகள் பலருக்கு 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வங்கியிலிருந்து வந்த கடிதங்கள் நல்ல செய்தியையே கொண்டு வந்தன. வட்டி வீதம் குறைக்கப்பட்டுள்ளது, ஆகவே உங்கள் மாதாந்தத் தவணையும் இவ்வளவு ரூபாவால் குறைகிறது என்பதே அவற்றின் சாரம். கடிதத்தைப் படித்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, குறைந்த அந்தத் தொகையை வீட்டுச் செலவிலும் கடைச் செலவிலும் கரைத்துவிட்டவர்களே அதிகம். இந்த வாரம் நான் எழுத வருவது அந்தத் தொகையைப் பற்றித்தான். அதைச் செலவுக்கு எடுக்காமல், பழைய தவணையையே தொடர்ந்து கட்டுங்கள் என்பது என் வாதம்.

முதலில் நாம் கடந்து வந்த பாதையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுத்த சராசரி வீதம் 6 வீதத்துக்கும் கீழே இருந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருடம் முடிவதற்குள் வங்கிகளின் அந்தச் சராசரி வீதம் 27ஐயும் தாண்டிவிட்டது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களின் தவணை ஒன்றரை மடங்காகவும் இரண்டு மடங்காகவும் ஏறியது. டொலர் இல்லை, எரிபொருள் வரிசை, கடையில் சரக்கு இல்லை, வாங்க ஆளும் இல்லை. அந்த நிலையிலும் பலர் அந்தத் தவணையைக் கட்டினார்கள். நகையை விற்றவர்கள் உண்டு, வேனை விற்றவர்கள் உண்டு. 2023 ஜூனில் மத்திய வங்கி வீதங்களைக் குறைக்க ஆரம்பித்தது. 2025 மே மாதமாகும்போது கொள்கை வீதம் 7.75 வீதத்துக்கு இறங்கியிருந்தது.

இதில் நமக்குள்ள பாடம் எளிதானது. கூடிய தவணையை நாம் கட்டிப் பழகிவிட்டோம். அந்த அளவுக்குச் செலவைச் சுருக்கவும் கற்றுக்கொண்டோம். தவணை குறைந்தவுடன் அந்தப் பழக்கத்தைக் கைவிடுவதுதான் பெரிய நட்டம். எவ்வளவு நட்டம் என்பதைக் கணக்கோடு காட்டுகிறேன்.

ஒருவருக்கு இன்னும் 40 இலட்சம் ரூபா கடன் மீதி இருக்கிறது, கட்டி முடிக்க 15 வருடம் இருக்கிறது என்று வையுங்கள். வட்டி 20 வீதமாக இருந்தபோது அவரது மாதத் தவணை ஏறக்குறைய 70,250 ரூபா. வட்டி 12 வீதமாகக் குறைந்ததும் வங்கி அவரிடம் கேட்பது 48,000 ரூபா மட்டுமே. அவர் மகிழ்ச்சியோடு 48,000 கட்டிக்கொண்டு போனால் 15 வருடத்தில் மொத்தமாக 86 இலட்சத்துக்கு மேல் கட்டி முடிப்பார். அதே மனிதர் வட்டி குறைந்ததைக் கண்டுகொள்ளாதவர் போல 70,250 ரூபாவையே கட்டி வந்தால் அந்தக் கடன் 7 வருடமும் ஒரு மாதமும் ஆகும்போது முடிந்துவிடும். மொத்தமாகக் கட்டியிருப்பது 60 இலட்சத்துக்கும் குறைவு. மிச்சம் கிட்டத்தட்ட 27 இலட்சம் ரூபா, கூடவே எட்டு வருடம். 70,250 முடியாது, நடுவில் ஒரு தொகையாக 60,000 கட்டுகிறேன் என்றாலும் ஒன்பது வருடத்தைத் தாண்டிச் சில மாதங்களில் முடிகிறது. 20 இலட்சம் அளவில் மிச்சமாகிறது.

இது எப்படி நடக்கிறது என்று கேட்பவர்களுக்காகத் தவணையின் உள்ளே இருப்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும். நம்மில் பலர் தவணையை ஒரே தொகையாகத்தான் பார்க்கிறோம். அதற்குள் இரண்டு பங்கு உண்டு. ஒன்று அந்த மாதத்து வட்டி, மற்றது முதலிலிருந்து கழியும் பணம். 50 இலட்சம் ரூபாவை 12 வீத வட்டியில் 20 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 55,054 ரூபா. முதல் மாதத்தில் அதில் 50,000 ரூபா வட்டிக்கே போய்விடுகிறது. முதலிலிருந்து கழிவது வெறும் 5,054 ரூபா. ஐந்து வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டினால் நீங்கள் வங்கிக்குக் கொடுத்தது 33 இலட்சம். கடன் குறைந்திருப்பதோ 4 இலட்சத்து 13 ஆயிரம் அளவுதான். பத்து வருடம், அதாவது பாதித் தூரம் வந்த பிறகும் 38 இலட்சத்துக்கு மேல் மீதி நிற்கும். கடன் பாதியாவதற்கு ஏறத்தாழ 15 வருடம் செல்கிறது.

இந்தக் கணக்கை வங்கியில் யாரும் மறைத்து வைப்பதில்லை. கடன் எடுக்கும்போது தரும் தவணை அட்டவணையில் எல்லாம் அச்சடித்து இருக்கிறது. நாம்தான் கையெழுத்து வைக்கும் இடத்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. வங்கி முகாமையாளர் உங்களைக் கூப்பிட்டுக் கூடுதலாகக் கட்டுங்கள் என்று சொல்லவும் மாட்டார். கடன் கொடுப்பது அவர்களது வியாபாரம். நமது கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் குறைவாக வாங்குங்கள் என்று நாம் சொல்கிறோமா?

அதே 50 இலட்சம் கடனுக்கு ஆரம்பத்திலிருந்தே மாதம் 5,000 ரூபா கூடுதலாகக் கட்டினால் 20 வருடக் கடன் 15 வருடத்தில் முடிகிறது. மிச்சமாகும் வட்டி 24 இலட்சம். மாதம் 10,000 கூட்டினால் பன்னிரண்டேகால் வருடத்தில் முடிகிறது, 36 இலட்சம் மிச்சம். 5,000 ரூபா என்பது கடை திறக்கும் 25 நாளுக்கு நாளொன்றுக்கு 200 ரூபா. கல்லாப்பெட்டியில் மாலையில் பணம் எண்ணும்போது 200 ரூபாவைத் தனியே எடுத்து வைக்க முடியாத கடை இருந்தால், அந்தக் கடையின் பிரச்சினை வீட்டுக் கடன் அல்ல, வேறு.

காலம் முந்துவது இதில் எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு இன்னொரு உதாரணம். இதே கடனில் முதல் வருட முடிவில் ஒரு தடவை மட்டும் ஒரு இலட்சம் ரூபா கூடுதலாகக் கட்டினால் கடைசியில் 16 தவணைகள் இல்லாமல் போகின்றன. அதே ஒரு இலட்சத்தைப் பதினைந்து வருடம் கழித்துக் கட்டினால் இல்லாமல் போவது மூன்று தவணைதான். பிள்ளைகள் வளர்ந்து, வருமானம் பெருகிய பிறகு மொத்தமாகக் கட்டலாம் என்று தள்ளிப் போடுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னதும் வியாபாரிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். புறக்கோட்டையில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டது இது: "நானா, பேங்குக்கு நான் குடுக்கிறது நூற்றுக்குப் பன்னிரண்டு. அதே காசை சரக்கில போட்டா நூற்றுக்கு முப்பது வருது. பிறகு ஏன் நான் பேங்குக்குக் கொண்டுபோய்க் கொட்டணும்?"

நியாயமான கேள்வி. கணக்கின்படி அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முப்பது எந்த முப்பது? விலைப்பட்டியலில் போட்ட இலாபமா, வருட முடிவில் கையில் நின்ற இலாபமா? கடை வாடகை, சம்பளம், மின்சாரக் கட்டணம், பெருநாள் முடிந்தும் விற்காமல் ராக்கையில் கிடக்கும் சரக்கு, வெளியூர் வியாபாரி கொடுத்துத் திரும்பி வந்த காசோலை இவை எல்லாம் போக நிற்பதுதான் இலாபம். அப்படிக் கழித்துப் பார்த்தும் 30 வீதம் நிற்கிறது என்றால் அந்தத் தம்பி சரக்கிலேயே போடட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படி நிற்பதில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. சரக்கில் வரும் இலாபம் வரலாம், வராமலும் போகலாம். கடனில் கட்டிக் குறைத்த வட்டி நிச்சயமாக மிச்சம். 2020, 2021, 2022 ஆகிய மூன்று வருடங்களில் கடை பூட்டிக் கிடந்த நாட்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு நிச்சயம் என்ற சொல்லின் விலை தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், இப்படிக் கேட்பவர்களில் சிலர் கூடுதல் பணத்தைச் சரக்கிலும் போடுவதில்லை. வைப்பிலோ சேமிப்புக் கணக்கிலோ போட்டு வைத்திருப்பார்கள். வைப்புக்குக் கிடைப்பது 8 வீதம், கடனுக்குக் கொடுப்பது 12 வீதம். அந்த 8 வீதத்திலும் 2025 ஏப்ரல் முதல் நூற்றுக்குப் பத்து வரியாகப் பிடிக்கப்படுகிறது. ஒரு கையால் மலிவாக விற்று மறு கையால் விலை கூட வாங்குவதை எந்த வியாபாரி செய்வார்?

என்றாலும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வங்கிக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டாமல் இருப்பதே புத்தியான சிலர் உண்டு. 2020, 2021 காலத்தில் குறைந்த வட்டியை நீண்ட காலத்துக்கு மாறாத வட்டியாகப் பூட்டி வைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. ரூபா அவ்வளவு மலிந்தபோதும் அவர்களது தவணை அசையவில்லை. அவர்கள் அவசரப்பட்டு அடைக்க வேண்டியதில்லை. அடுத்து, ஓ.டீ.யும் கிரெடிட் கார்டும் நிறைய வைத்திருப்பவர்கள். கார்டுக்கு வருடத்துக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டு 12 வீதக் கடனுக்குக் கூடுதலாகக் கட்டுவது தலைகீழ் வேலை. முதலில் கார்டு, பிறகு ஓ.டீ., அதன் பிறகுதான் ஈட்டுக் கடன். கடைக் கட்டடத்துக்கு எடுத்த கடனின் வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்பதால் அங்கு கிடைக்கும் மிச்சம் மேலே சொன்னதை விடச் சற்றுக் குறையும். உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கையிருப்பு. வங்கிக்குள் கூடுதலாகப் போன பணம் திரும்பி வராது. அவசரம் என்று போய் நின்றால் புதிய கடனுக்கு விண்ணப்பப் பத்திரம்தான் தருவார்கள். ஆகவே குறைந்தது மூன்று மாதத் தவணையும், வீட்டுச் செலவும், சரக்குக்காரருக்குக் கொடுத்த காசோலைகள் மாறும் அளவுக்குப் பணமும் கையில் இருந்த பிறகே இதை ஆரம்பிக்க வேண்டும். கொடுத்த காசோலை திரும்புவதை விட வியாபாரிக்குப் பெரிய இழப்பு வேறில்லை. வருமானம் சீராக வராத தொழில்களில் மாதம் சிறு தொகையை வைத்துக்கொண்டு, நோன்புப் பெருநாள், சித்திரைப் புதுவருடம், டிசம்பர் மாதம் என்று வியாபாரம் சூடு பிடித்து அடங்கிய பிறகு பெரிய தொகை ஒன்றைக் கட்டுவது நல்லது.

இனி, கட்டுகிற விதம். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கூடுதல் பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டால் கடன் குறைந்துவிடும் என்று நினைப்பது தவறு. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தப் பணம் கணக்கில் சும்மா கிடக்கலாம், அல்லது அடுத்த மாதத் தவணைக்கு முற்பணமாக எடுத்துக்கொள்ளப்படலாம். அப்படியானால் முதலில் ஒரு சதமும் குறையாது. இது முதலிலிருந்து கழிக்கப்பட வேண்டும், தவணைத் தொகை மாறாமல் கடன் காலம் குறைய வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் போய்ப் புதிய தவணை அட்டவணை ஒன்றைக் கேட்டு வாங்கி, முதல் உண்மையில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப் பேச்சை நம்பி வர வேண்டாம். இன்று இருக்கும் உத்தியோகத்தர் அடுத்த வருடம் வேறு கிளையில் இருப்பார்.

அதற்கும் முன்னால் கடன் ஒப்புதல் கடிதத்தை எடுத்து, முற்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். வங்கிக்கு வங்கி இது வேறுபடுகிறது. சில இடங்களில் கடனை முழுமையாக அடைத்தால் மட்டும் கட்டணம், பகுதியாகக் கட்டினால் இல்லை. சில இடங்களில் இவ்வளவு தொகைக்குக் குறைந்தால் ஏற்கமாட்டோம் என்பார்கள். அப்படியானால் மாதம் மாதம் சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டலாம். கட்டணம் இருந்தாலும் பயந்துவிட வேண்டாம். மிச்சமாகும் வட்டியையும் கட்டணத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். நல்ல வாடிக்கையாளராக இருந்தால் கட்டணத்தைக் குறைக்கும்படி கேட்கவும் செய்யலாம். சரக்கு விலையில் பத்து ரூபாவுக்கு அரை மணித்தியாலம் பேரம் பேசும் நாம் வங்கிக்குள் போனதும் ஊமையாகிவிடுகிறோம்.

வட்டிக் கடன் பற்றி நமது பத்திரிகையில் இப்படி எழுதுகிறீரே என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். வட்டியின் சட்டத்தை உலமாக்கள் சொல்லிவிட்டார்கள், அதில் நான் கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை. ஆனால் வேறு வழி தெரியாத காலத்தில் அதற்குள் போனவர்கள் நமது ஊர்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உள்ளே போனவர் சீக்கிரம் வெளியே வருவதற்கு உதவுவது குற்றமாகாது. 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இஸ்லாமிய முறை நிதி வசதிகளுக்கு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி ஆரம்பமானது, வேறு வங்கிகளிலும் தனிப் பிரிவுகள் வந்தன. அவற்றில் வீடு வாங்கியவர்களுக்கும் இந்தப் பேச்சு பொருந்துகிறது.

குறைந்து செல்லும் முஷாரகா முறையில் வீடு வாங்கியவர் வங்கியோடு பங்காளி. வங்கியின் பங்கை மாதம் மாதம் வாங்கிக்கொண்டு, எஞ்சிய பங்குக்கு வாடகை கொடுக்கிறார். கூடுதல் பணத்தில் கூடுதல் பங்கை வாங்கினால் அடுத்த மாதத்திலிருந்து வாடகை குறையும். கணக்கு ஏறக்குறைய நான் மேலே காட்டியது போலவே ஓடும். முராபஹா அப்படியல்ல. அது விற்பனை. விலை முதல் நாளே முடிவாகிவிட்டது. முந்திக் கட்டினால் விலையில் கழிவு கிடைக்கும் என்று உரிமையோடு கேட்க முடியாது, நிறுவனம் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். ஆகவே உங்களிடம் இருப்பது எந்த ஒப்பந்தம் என்று தெரியாமல் கூடுதலாகக் கட்டப் போகாதீர்கள்.

இந்த விடயத்தில் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வட்டிக் கணக்கு மட்டும் காரணமல்ல. வியாபாரிகளின் வீட்டு உறுதிகள் வங்கிப் பெட்டகத்தில் கிடப்பதுதான் என் கவலை. சம்பளக்காரர் வீட்டுக் கடனுக்கு வீட்டை ஈடு வைக்கிறார். நாம் கடைக்காக வீட்டை ஈடு வைக்கிறோம். கடை சறுக்கினால் வீடும் சேர்ந்து போகிறது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நாம் பராட்டே என்று சொல்கிற அதிகாரத்தைக் கொண்டு, பெரிய கடன்களுக்கு நீதிமன்றம் போகாமலேயே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க வங்கியால் முடியும். நெருக்கடிக்குப் பிறகு சிறிய, நடுத்தர வியாபாரிகள் எழுப்பிய குரலால் 2024இல் பாராளுமன்றம் அதைத் தற்காலிகமாக நிறுத்தியது. அது 2025 மார்ச் வரை நீடிக்கப்பட்டது. அது கால அவகாசம் மட்டுமே, கடனை யாரும் தள்ளுபடி செய்யவில்லை.

கிழக்கிலே மகளுக்கு வீடு கொடுப்பது நம்மவர் வழக்கம். அது சரியா பிழையா என்பது வேறு விவாதம். கல்யாணம் பேசி முடித்த பிறகு, கொடுக்க வேண்டிய வீட்டின் உறுதி வங்கியில் இன்னும் ஆறு வருடத்துக்கு இருக்கிறது என்று தெரிய வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தகப்பன் மௌத்தானால் வாரிசுகளுக்குச் சொத்தைப் பிரிப்பதற்கு முன் கடன்தான் அடைபட வேண்டும் என்பதையும் நாம் அறிவோம். கடன் காலத்தைப் பாதியாகக் குறைக்கிறவர் தன் பிள்ளைகளின் தலையில் விழக்கூடிய சுமையின் காலத்தையும் பாதியாகக் குறைக்கிறார்.

கடன் முடிந்த வாரமே அந்த உறுதியை மறுபடியும் ஓ.டீ.க்குக் கொண்டுபோய் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்கள் கடைசித் தவணையைக் கட்டியதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட வேண்டாம். கடன் முழுமையாக அடைந்ததற்கான கடிதத்தை வாங்க வேண்டும். நொத்தாரிசு மூலம் ஈட்டு விடுவிப்பு உறுதி எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். மூல உறுதியையும் வரைபடத்தையும் எண்ணிக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் ஈடு என்ற பதிவு அப்படியே நின்றால், பத்து வருடம் கழித்துக் காணியை விற்கப் போகும் பிள்ளை அதை நீக்குவதற்கு அந்த வங்கிக் கிளையைத் தேடி அலைய வேண்டி வரும்.